பதினேழு கல்லு

அரசாங்கத்தில் ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் மலைக்கு மாற்றுவார்கள். சுப்புராயன் எந்தத் தப்பும் செய்யாமலேயே மலைக்கு மாற்றப்பட்டவர். ஆகவே அவரை எப்படி மன்னிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

1991-இல் கால்நடை ஆய்வாளராக வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூருக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எந்த மூன்று வருஷம் என்று அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மனைவி கமலாவும் இரண்டு பெண்களும் ஒன்றரை ஏக்கர் கரும்பும் மணலூர்பேட்டையில். சனிக்கிழமை மத்தியானம் மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, இருட்டும்போது வீடு சேருவார். திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் ஏறுவார். மலையில் எல்லோரும் அவரை மாட்டு டாக்டர் என்றார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார ஆள் வரவில்லை என்பதால், அதன்மேல் தடுப்பூசிப் பெட்டியை வைத்திருந்தார்.

ஐந்தாவது வருஷம் மாறுதல் உத்தரவு வந்தது. ஊர் மணலூர்பேட்டையேதான். கடைசி வரியில் மட்டும், "மாற்றுப் பணியாளர் பொறுப்பேற்ற பின்னர் விடுவிக்கப்படுவார்" என்றிருந்தது. மாற்றுப் பணியாளரும் வந்தார். மலைப்பாதை வளைவுகளில் நான்கு முறை வாந்தி எடுத்து, வெளிறிய முகத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கி, மருந்தகத்தின் கதவைப் பார்த்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போனார். பிறகு அவரிடமிருந்து மருத்துவ விடுப்புக் கடிதங்கள் மட்டும் ஒழுங்காக வந்தன. சட்டப்படி சுப்புராயன் மணலூர்பேட்டையில் இருந்தார். உடம்புதான் மலையில் இருந்தது.

"நீங்க எனக்கா தாலி கட்டினீங்க? அந்த மலைக்குக் கட்டினீங்க. நான் சும்மா சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவ" என்றாள் கமலா.

மாறுதல் பட்டியலில் கையெழுத்துப் போடும் அதிகாரி மாவட்டத் தலைநகரில் இருந்தார். அவர் லஞ்சம் வாங்காதவர். சிக்கலே அதுதான். வாங்குபவராக இருந்திருந்தால் சுப்புராயன் ஒரு கரும்பு வெட்டின் காசைக் கொடுத்து எப்போதோ இறங்கியிருப்பார். அந்த அலுவலகத்தின் எழுத்தர் ஒருவர், பாவம் பார்த்து ஒரு வழி சொன்னார்.

"அய்யாவுக்கு ஒரே ஒரு பலவீனம்ங்க. பழைய வாட்சு. தெனம் ஒண்ணு கட்டிக்கினு வருவாரு. நம்ம தாத்தன் காலத்து வாட்சா இருக்கணும். புதுசு எடுத்துக்கினு போனா மெமோ குடுப்பாரு. பழசு எடுத்துக்கினு போனா டீ குடுப்பாரு."

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருசப்பனின் வாட்ச் ரிப்பேர் கடை. நிமிர்ந்தால் படி இடிக்கும். இருபது வருஷம் அங்கே உட்கார்ந்ததில் இருசப்பன் வெளியே நடக்கும்போதும் தலையைக் கொஞ்சம் தாழ்த்தியே நடப்பார். பணிவானவர் என்று பெயர் வாங்கியிருந்தார். பேட்டரி வாட்ச் வந்து சாவி வாட்சுகள் வேண்டாதவையாகிப்போன காலம். ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் செத்த வாட்சுகள் வைத்திருந்தார். சுப்புராயன் அதில் ஒன்றைப் பொறுக்கினார்.

"பெரிய எடத்துக்குக் குடுக்கறேன் இருசப்பா. பழசு மாதிரி தெரியக் கூடாது."

"கவலயே படாதீங்க. கழுவி, டயலுக்குப் பெயின்ட் அடிச்சி, புது முள்ளு போட்டு, மாப்ள மாதிரி ஆக்கிக் குடுக்கறேன்."

பழைய பொருளைப் பெரிய மனிதருக்குக் கொடுப்பதென்றால் அது புதிதாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அவமரியாதை. நம் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாட்ச் பளபளவென்று வந்தது. அதிகாரி கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு அதைப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்தார்.

"மூஞ்சியில பவுடர் ஜாஸ்தி, சுப்புராயன்" என்றார் கடைசியில். "டயல் ஒரு கம்பெனி. மெஷின் வேற கம்பெனி. இந்தப் பெரிய முள்ளைப் பாருங்க, நிமிஷக் கோட்டைத் தொடவே இல்ல; இது வேற எவனோ கட்டிக்கிட்டிருந்த சின்ன வாட்சோட முள்ளு. எழுத்து எல்லாம் கையால எழுதினது. மூணு பேர் செத்து, ஒருத்தர் பொழைச்சிருக்கார்."

"திருப்பிக் குடுத்துடறேங்க."

"நல்ல வாட்சு எதுன்னா, யாரும் கை வைக்காத வாட்சு. கறை இருக்கட்டும், எழுத்து அழிஞ்சிருக்கட்டும். கை வைக்காம இருக்கணும். அது இந்த மாவட்டத்துலயே கிடையாது. நின்னுபோன உடனே கடைக்குக் கொண்டுபோய்ப் பெயின்ட் அடிச்சிடறாங்க."

வாட்சைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் டீ வந்தது. எழுத்தர் வெளியே வந்து, "டீ வந்துச்சில்ல, அப்ப நம்பிக்க கீது" என்றார்.

அதன் பிறகு, சனிக்கிழமைகளில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தையெல்லாம் சுப்புராயன் இருசப்பன் கடையில் கழித்தார். மூடியைத் திறப்பது, சக்கரங்களைக் கழற்றிப் பெட்ரோலில் அலசுவது, திரும்பப் பூட்டுவது என்று பாதி வேலை வந்துவிட்டது. மாட்டுக்கு ஊசி போடும் கைக்கு வாட்சுக்கு எண்ணெய் விடுவது பெரிய காரியமாக இல்லை, அதற்கும் ஊசிதான்.

ஆடுகளுக்குத் துள்ளுமாரி நோய்த் தடுப்பூசி போட வீடு வீடாகப் போன ஒரு நாள், சாலம்மாள் என்ற பெண்ணின் வாசலில் ஆடு ஒன்று மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். சுப்புராயனின் கைக்கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்து வாரம் ஒன்றாகியிருந்தது.

"வூட்ல வாட்சு கீதா?"

"கீது டாக்டரு. ஆனா ஓடாது."

"ஓடாத வாட்சு எதுக்கு எனக்கு?"

"நீ கீதான்னு கேட்டே. கீதுன்னேன்" என்றாள் சாலம்மாள். கேட்டதற்காகவே உள்ளே போய், கம்மலும் வெள்ளிக் கொலுசும் வைத்திருந்த மஞ்சள் துணி முடிச்சை எடுத்துவந்து பிரித்தாள்.

அவள் புருஷன் அம்மாசி, குடகுக் காபித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போன காலத்தில், பட்டாளத்திலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கியது. இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் நின்றது. அம்மாசி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. "உள்ள பதினேழு கல்லு கீதுன்னு மூஞ்சியில எழுதினத வித்த ஆளு படிச்சிச் சொன்னாராம். அதான் நகையோட வச்சிருக்கேன்."

பதினேழு கல் என்பது பொய் இல்லை. டயலிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காக உள்ளே கடுகை விடச் சின்னதாகச் சிவப்புக் கற்கள் பதிப்பார்கள். தொழிற்சாலையில் செய்த கல். விற்றால் வெற்றிலைக்குக்கூடத் தேறாது. ஆனால் கல் என்றால் மலையில் கல்தான். ரிப்பேருக்குக் கொடுத்தால் கீழ்நாட்டுக் கடைக்காரன் கல்லைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடியை வைத்துவிடுவான். ஆகவே மலையில் நின்ற வாட்ச், நின்ற நிமிஷத்திலிருந்து நகையாகி, முடிச்சுக்குள் போய்விடும். யாரும் மூடியைத் திறந்ததில்லை. யாரும் பெயின்ட் அடித்ததில்லை. சாலம்மாளைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் முடிச்சு இருந்தது.

சுப்புராயன் வாட்சை வெளிச்சத்தில் சாய்த்தார். டயல் பழுப்பேறி, காடை முட்டை போலப் புள்ளி விழுந்திருந்தது. பெரிய முள் நிமிஷக் கோட்டைத் தொட்டது. எழுத்துகள் பெரும்பாலும் போய்விட்டன. நடுவில் எஸ், ஓ, டபிள்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரிந்தன. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயிற்சிக் காலத்தில் படித்த வார்த்தை, பெண் பன்றி. வாட்சுக்கு எவனாவது பன்றி என்று பெயர் வைப்பானா?

ஆடு பிழைத்தது. அதற்கு எத்தனை மூச்சு என்று யாரும் எண்ணவில்லை.

வாட்சைக் கேட்டபோது சாலம்மாள் ஒரே நிபந்தனை வைத்தாள். தன் எதிரிலேயே திறக்க வேண்டும். மருந்தக மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் திறந்தார். லென்ஸைக் கொடுத்தார். அவள் குனிந்து, விரல் விட்டு எண்ணினாள்.

"ஆறுதான் கீது. மீதி பதினொண்ணு எங்க?"

"உள்ள கீதும்மா."

"இதுதான உள்ள?"

"இதுக்கும் உள்ள."

"அதான் சொல்வாங்க, எல்லாக் கடக்காரனும்."

வேறு வழியில்லை. முள்ளை எடுத்து, டயலைக் கழற்றி, பின்பக்கத்தைக் காட்டினார். சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு குழியிலும் கல்லைக் காட்டினார். சாவி கொடுத்தால் இறுகும் சுருள்வில் உடைந்திருந்தது, நின்றதற்குக் காரணம் அவ்வளவுதான். சாலம்மாள் கல்லுக்கொரு புளியங்கொட்டை தள்ளி வைத்தாள். பதினாறு கொட்டை சேர்ந்ததும் நிமிர்ந்தாள். சுப்புராயன் கழற்றிய சக்கரங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எட்டு வருஷம் இந்த மலையில் அவர் கட்டிக்காத்த மானம், ஒரு சிவப்புத் துணுக்கில் தொங்கியது. கடைசியில் முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தைத் தலைகீழாகத் திருப்பியபோது அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது பதினேழாவது.

"சரி. இப்ப நம்பறேன்" என்றாள். "கல்லை எடுத்து என்கிட்ட குடுத்துடு. கூட்டை நீ வச்சிக்க."

"கல்லை எடுத்தா ஓடாதும்மா."

"இப்ப மட்டும் ஓடுதா?"

"இந்தக் கல்லுக்கு வெலையே கெடயாது."

"வெலையில்லாத கல்லையா வெள்ளைக்காரன் வாட்சு மூஞ்சியிலயே எழுதி வச்சிருக்கான்?"

சுப்புராயன் உண்மையைத்தான் சொன்னார். உண்மை அவருக்கு உதவவில்லை. சனிக்கிழமை இருசப்பனிடம் போய், பிஸ்கட் டப்பாவின் செத்த வாட்சுகளிலிருந்து கற்களைப் பிடுங்கித் தரச் சொன்னார். இரண்டும் ஒரே கல்தான். பட்டாளத்துக் கல் வேறு, பிஸ்கட் டப்பாக் கல் வேறு என்றில்லை. குறைந்துவிட்டால் என்ன செய்வதென்று ஒன்று கூடுதலாகவே பொட்டலம் கட்டினார். சாலம்மாள் முறத்தில் கொட்டி எண்ணினாள்.

"பதினெட்டு கீது."

"இருக்கட்டும்மா."

"அடுத்தவன் கல்லு எனக்கு எதுக்கு?" என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பதினேழு கல்லோடு முடிச்சு மூடப்பட்டது. வாட்ச் சுப்புராயன் கைக்கு வந்தது.

இருசப்பன் புது வில் போட்டார். "டயலுக்கு மட்டும் ரெண்டு கோட்டு..." என்று ஆரம்பித்தவரை, பிரஷ்ஷோடு கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் சுப்புராயனே செய்தார். மூன்று வாரம் மருந்தக மேசையில் அது ஓடியதைக் கேட்டார். நாளொன்றுக்கு இரண்டு நிமிஷம் மெதுவாகப் போயிற்று. மலையில் அது வேகம்தான்.

அதிகாரி லென்ஸை எடுத்தார். இந்த முறை மூடியைத் திறப்பதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பன்னின்னு எழுதியிருக்குதுங்கய்யா" என்றார் சுப்புராயன், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று.

அதிகாரி முதல் முறையாகச் சிரித்தார். "பன்னி இல்லைய்யா. சோவார். மீதி எழுத்து அழிஞ்சிருக்கு. சவாரி பண்றவன், குதிரைப்படைக்காரன். வெஸ்ட் எண்ட் கம்பெனி வாட்சு. டயல், முள், மெஷின், எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. எவன் கையும் படல. எங்க கிடைச்சுது?"

இங்கேதான் சுப்புராயன் பேசாமல் இருந்திருக்க வேண்டும். "கொடகுலேர்ந்து வந்ததுங்க" என்று நிறுத்தியிருந்தால் இந்தக் கதை மணலூர்பேட்டையில் முடிந்திருக்கும். ஆனால் எட்டு வருஷமாக அவர் சொல்வதை யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. பதினேழு கல்லின் கதையைப் புளியங்கொட்டை உட்பட ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்ப மலையில இருக்கிற வாட்சு ஒண்ணு மேலயும் கை படலயா?"

"படவே இல்லைங்க."

"எத்தனை வீடு?"

"பத்துப் பன்னண்டு இருக்கும்ங்க."

"உங்களை நம்பித் திறக்க விட்டாங்களே, அது பெரிய விஷயம். புது ஆள் போனா விடுவாங்களா?"

"சான்ஸே இல்லைங்க" என்றார் சுப்புராயன் பெருமையாக.

அதிகாரி தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புது பேட்டரி வாட்சை எடுத்து அவர் கையில் கட்டினார். "சும்மா வாங்கினா லஞ்சம். மாத்திக்கிட்டா நட்பு" என்றார். டீயோடு பிஸ்கட்டும் வந்தது.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. "மலைவாழ் மக்களிடம் இவர் பெற்றுள்ள நன்மதிப்பைக் கருத்தில் கொண்டு, பொதுநலன் கருதி, மேற்படி இடத்திலேயே தொடர்ந்து பணியாற்ற" ஆணையிடப்பட்டிருந்தது. பழைய மாறுதல் உத்தரவு ரத்து. இணைப்பாக, சட்டம் போட்ட ஒரு பாராட்டுச் சான்றிதழ். சான்றிதழின் பின்னால் சிறு துண்டுச் சீட்டு: "மற்றவை எப்போது?"

"இதை எங்க மாட்டறது?" என்று வீட்டில் கேட்டார்.

"மாட்டுக் கொட்டாயில மாட்டுங்க. அதுங்களாச்சும் உங்களைப் பாராட்டட்டும்" என்றாள் கமலா. சின்னப் பெண் சிரித்தாள். அந்தப் பெண் பிறந்த வருஷம்தான் அவர் மலைக்கு ஏறினார். சனி ஞாயிறு மட்டும் அப்பா இருப்பது எல்லா வீட்டிலும் நடப்பது என்றே அவள் வெகுநாள் நினைத்திருந்தாள்.

மேலும் இரண்டு வாட்ச் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் சுப்புராயனுக்குக் கணக்கு விளங்கிற்று. மலையில் கை படாத வாட்ச் இருக்கும்வரை, அதை எடுத்துவர மலையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவர். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் வருஷக் கணக்கில் இழுக்கும். கொடுக்காமல் இருந்தால் "தேடுங்க" என்பார்கள். ஆக, ஒரே ஒரு வழி இருந்தது. அது நல்ல வழியில்லை.

இருசப்பனை மலைக்கு அழைத்துவந்தார். தடுப்பூசி முகாம் மாதிரி, வாட்ச் முகாம். தண்டோரா போடாத குறை. டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், ஒரு கல் குறைந்தால் அவர் பொறுப்பு என்றதும் முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்தன. எட்டு வாட்ச். எட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். மருந்தகத்தின் கூரை உயரமாக இருந்ததால் இருசப்பன் நின்றுகொண்டே வேலை செய்தார். "இங்க தலை இடிக்கலீங்க. நான் இங்கயே இருந்துடட்டுமா?" என்று கேட்டார். சுப்புராயன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிறகு பெயின்ட் டப்பாவைத் திறந்தார்கள்.

முதலில் வந்தது குஞ்சம்மாள் என்பவளின் வாட்ச். தேன் நிறத்தில் பழுத்த டயல். இருசப்பன் பிரஷ்ஷைத் தோய்த்ததும் சுப்புராயன், "கொஞ்சம் இரு" என்றார். லென்ஸை வைத்து ஒரு முறை பார்த்தார். அந்த எழுத்துகளை எந்த ஊரில் எந்த மனிதன் எழுதினானோ, இத்தனை வருஷமும் ஒரு கோடு பிசகாமல் காத்திருந்தன. இந்தப் பாழாய்ப்போன ரசனை தனக்கு எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இன்னா டாக்டரு, எதனா கல்லு கம்மியா?" என்றாள் குஞ்சம்மாள்.

"இல்ல. அடி இருசப்பா" என்றார்.

எட்டும் வெள்ளையாயின. எட்டிலும் தடித் தடியாகக் கறுப்பு எண்கள். எட்டும் ஓடின. பெண்கள் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். பணியில் சேர்ந்த நாளிலிருந்து சுப்புராயன் தெரிந்து செய்த முதல் தப்பு அதுதான். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

மாதிரிக்கு மூன்றை இரவல் வாங்கி அதிகாரியின் மேசையில் வைத்தார். லென்ஸ் தேவைப்படவில்லை.

"மலையிலயுமா?"

"ஒண்ணு விடாமங்க. யாரோ ரிப்பேர்காரன் ஏறி வந்து அடிச்சிட்டானுங்க."

"நீங்க அங்க இருந்துமா?"

"என்னால தடுக்க முடியலைங்கய்யா. இனிமே நான் அங்க இருந்தும்..."

அதிகாரி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. பிறகு திரும்பி, "உங்களை எங்கயாவது தூக்கி அடிக்கணும், சுப்புராயன்" என்றார்.

 சுப்புராயன் சந்தோஷம் முகத்தில் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டார். இருசப்பனிடம் கற்றுக்கொண்ட வேலைகளில் அதுவும் ஒன்று.

அதிகாரி பணியிடப் பட்டியலை எடுத்தார். விரல் ஒவ்வொரு ஊராக இறங்கிற்று. திருக்கோவிலூர், ரிஷிவந்தியம், சங்கராபுரம், மணலூர்பேட்டை. எல்லாமே நல்ல ஊர்கள். எல்லாவற்றுக்கும் ரோடு இருந்தது. கடைசிப் பக்கம் வரை போய், முதல் பக்கத்துக்கு வந்து, மறுபடியும் கடைசிப் பக்கத்துக்குப் போனார். தண்டனைக்கென்று மாவட்டத்தில் இருந்தது ஒரே ஓர் இடம்.

பட்டியலை மூடினார். "இருங்க" என்றார். "அங்கேயே இருங்க."

டீ வரவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வழக்கமான ஜன்னலோரம். கச்சிராயபாளையம் தாண்டி, பஸ் முனகிக்கொண்டு மலையைப் பிடித்தது. கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்காமலே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்தக் கேள்வியை அவர் நிறுத்தி ஏழு வருஷம் ஆகிறது. இன்று அவர் கேட்டது வேறு.

"டாக்டரே, மணி இன்னா ஆவுது? ட்ரிப் ஷீட்ல எழுதணும்."

சுப்புராயன் கையைத் திருப்பிப் பார்த்தார். அதிகாரி கட்டிவிட்ட பேட்டரி வாட்ச் நின்றிருந்தது. எப்போது நின்றதோ தெரியவில்லை. தட்டிப் பார்த்தார். உதறிப் பார்த்தார்.

பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. வளையலுக்கு மேலே, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை டயலோடு ஒரு வாட்ச்.

"ஏழு இருவது" என்றாள் குஞ்சம்மாள். "கரீட்டா கீதான்னு நீயே பாரு டாக்டரு. ஒரு நிமிசம் தப்பாது."

அவருக்குப் பேட்டரி வேண்டும். அது கள்ளக்குறிச்சியில்தான் கிடைக்கும். பஸ் மூன்றாவது வளைவில் ஏறிக்கொண்டிருந்தது.